மந்திரிக்காத மண்

1967 மார்ச் 7, செவ்வாய்

மழை. சிவப்புப் பசு கன்று போட்டது.

சாப்பிடும்போது மலாக்கி சொன்னான்: "இந்த மாசம் புல்டோசர் வருது. பின்வயல் வட்டமேட்டத் தட்டிடப் போறேன்." உருளைக்கிழங்குத் தோலை உரித்தபடி சொன்னான். தலையைத் தூக்கவில்லை.

எங்கள் மகள் அந்த மேட்டில்தான் கிடக்கிறாள். மூச்சில்லாமலே பிறந்தவள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். நான் படுக்கையில் கிடந்தேன். இவன்தான் கொண்டுபோய்ப் புதைத்தான்.

"அவ அங்க இருக்கா" என்றேன்.

"பதினோரு வருஷமாச்சு, உனா. எல்லாம் மண்ணாயிருக்கும்."

கன்றைப் பார்க்க எழுந்து போய்விட்டான்.

மார்ச் 8

கன்று எழுந்து நின்றுவிட்டது. நான்தான் எழவில்லை.

மார்ச் 11, சனி

பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் கிலூலி சாமியாரிடம் கேட்டேன். "அந்த மேட்ட மந்திரிச்சு வையுங்க சாமி. அப்புறம் மலாக்கி கை வைக்க மாட்டான்."

"அது அஞ்ஞானிங்க கட்டின மேடும்மா. அங்க எதை மந்திரிக்கச் சொல்ற?"

"என் பிள்ளைய."

தோள்துண்டைக் கழற்றி மடித்தார். பிறகு, "இன்னொண்ணு பொறந்திருந்தா இதை மறந்திருப்ப" என்றார்.

மறந்திருப்பேனா? கோவிலும் வேண்டாம் என்றது, மேடும் அஞ்ஞானம் என்றால் அவள் யார்? நல்ல கேள்வி. அங்கே வாயில் வரவில்லை.

மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாள்

பிரசங்கம் எங்கள் மேட்டைப் பற்றித்தான். "பாட்ரிக் அன்னிக்கே துரத்தின பேய்களுக்கு இன்னிக்கும் பயந்து நெலத்தத் தரிசாப் போடுறவன் ஐரிஷ்காரனே இல்ல!" எல்லோரும் திருநாளுக்கென்று சட்டையில் மூவிலைக் கொத்தைக் குத்திக்கொண்டு தலையாட்டினார்கள். மலாக்கி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது பார்த்தேன். தலையாட்டிய அத்தனை பேரும் மேடு வந்ததும் சாலையின் மறுபக்கம் ஒதுங்கித்தான் நடந்தார்கள்.

மார்ச் 21

புல்டோசர் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் டெஸி டோலன், மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன், சின்ன வயசு. மலாக்கி பால்பண்ணைக்குப் போயிருந்தான். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, உண்மையைச் சொன்னேன். என் பிள்ளை அங்கே இருக்கிறது என்றேன்.

"பாவந்தான் அக்கா. ஆனா வேலைக்கு ஒத்துக்கிட்டேனே."

அவ்வளவுதான். ஒரு வாய் குடித்துவிட்டு வண்டிப்பக்கம் திரும்பினான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது – "முந்தி ஒருத்தன் அங்க நிக்கிற முள்மரத்துல கோடாலி வச்சான். விடிஞ்சா வாய் கோணிக்கிடக்கு. சாகுறவரைக்கும் நேராகல" என்றேன். அப்படி ஒருவன் இந்த ஊரில் இருந்ததே இல்லை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நல்லவங்க இருக்கிற மேடா?" பேரைச் சொன்னால் மேட்டுக்குள் குடியிருக்கிற அந்த மாயக் கூட்டத்துக்கு ஆகாது, அதனால் 'நல்லவங்க'. "எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலையே! என் பொண்டாட்டி முழுகாம இருக்கா அக்கா. எனக்கெதுக்கு இந்த வம்பு?" சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

செத்த பிள்ளைமேல் ஏற்றுவான். இல்லாத பேய்மேல் ஏற்ற மாட்டான். த்தூ.

மார்ச் 22

மலாக்கி பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

மார்ச் 26, ஈஸ்டர்

சாமியார் பேர் சொல்லவில்லை. "ஞானஸ்நானம் வாங்கின வாயாலேயே அஞ்ஞானக் கதை பரப்புற பொம்பளை" என்றார். கோவிலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் கடைக்கார டீலியா. கோட்டு நுனியை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

மலாக்கி தனியாகப் பூசைக்குப் போனான். நான் மேட்டுக்குப் போனேன்.

பின்னால் காலடிச் சத்தம். டீலியா, பூசைக்குப் போடும் தொப்பியோடு. இழுத்து அறைந்துவிடலாம் போலிருந்தது.

"எனக்கு ரெண்டு, இங்க" என்றாள்.

முள்மரத்தடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. கோவில் மணி அடித்ததும் செருப்புச் சேற்றைப் புல்லில் தேய்த்தாள். "நான் வந்தத யார்கிட்டயும் சொல்லிடாத."

"போ, பூசைக்கு நேரமாச்சு" என்றேன்.

ஏப்ரல் 13

வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தான் மலாக்கி. யாரும் வரவில்லை. மேட்டை விட்டுவிட்டுச் சுற்றி உழுதிருக்கிறான்.

கடைக்குப் போனேன். டீலியா யாரோ வெளியூர்க்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாய் மட்டுமில்லய்யா, வலது கையும் விளங்காமப் போச்சு. எங்கப்பா கண்ணால பாத்தாரு."

அவன் போனதும் என் பக்கம் திரும்பி, "என்ன வேணும்?" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல.

தேயிலை என்றேன்.