சுவருக்குப் போகாத படம்

டீச்சர்,

நம் இடைநிலைப்பள்ளியின் நூற்றாண்டு விழா மலர் நேற்று மாசாய்க்கு, என் மகன் வீட்டு முகவரிக்கு வந்தது. பிரித்ததும் பசை நாற்றம். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, அதனால் இதைப் பார்க்கும் கொடுமை உங்களுக்கு இல்லை. "பள்ளியை வழிநடத்திய பெருந்தகைகள்" என்று ஒரு பக்கம். டையும் புன்னகையுமாக வரிசையாக முதல்வர்கள். பெருந்தகைகளாம். முப்பது வருஷம் அலுவலகத்தில் இவர்களுக்கு டைப்ரைட்டரில் கடிதம் தட்டிய கிராணி நான், எனக்குத் தெரியாதா?

இரண்டாம் வரிசையில் முதலில் இருப்பவர், வந்த வாரமே பூச்சட்டிகளுக்கெல்லாம் மஞ்சள் அடிக்கச் சொன்னவர். அடுத்து வந்தவர் அதைப் பச்சையாக்கினார். அது போதாதென்று வாசலில் மீன்தொட்டி கட்டி, திறந்துவைத்தவர் என்று தன் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்டார். மீன்கள் ஒரு பள்ளித் தவணைகூடத் தாங்கவில்லை. மலரில் அதற்குப் பெயர் "பசுமைத் திட்டம்". படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இந்த இருவருக்கும் நடுவில் பத்து மாதம் முதல்வரே இல்லை. துணை முதல்வரான நீங்கள்தான் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டீர்கள். ரெங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவீர்கள். முதல்வர் நாற்காலியில் ஒருநாளும் உட்காரவில்லை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். "அது வர்றவங்களோட நாற்காலி லா, கிராணி. நமக்கு இது போதும்." இந்தப் பணிவு எனக்கு அன்றும் எரிச்சல்தான். உட்கார்ந்தால் நாற்காலி தேய்ந்தா போய்விடும்?

அந்த வருஷம்தான் வெள்ளம். தண்ணீர் புகுந்த கீழ்க் கம்பத்து வீடுகளின் ஜனம் முழுக்க நம் மண்டபத்தில் படுத்திருந்தது. திங்கட்கிழமை அதே மண்டபத்தில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. என்ன செய்வதென்று கேட்கக் கல்வி இலாகாவுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக மாடி வகுப்புகளுக்கு ஏற்றினீர்கள். பாய்களை நீங்களே தூக்கினீர்கள். மண்டபத்தைக் கழுவி மேசை போட்டோம், பிள்ளைகள் எழுதினார்கள். மலரில் இதற்கு ஒரே வரி: "பள்ளி வெள்ளத்தைச் சமாளித்தது." பள்ளியா சமாளித்தது?

பிறகு மீன்தொட்டிக்காரர் வந்தார். நடைகூடச் சுவரில் முதல்வர்களின் படங்களை மாட்டப் பட்டியல் கேட்டார். தட்டியது நான்தான். "உங்க படம் குடுங்க டீச்சர்" என்றேன். "நான் ஆக்டிங்தானே, வேணாம்" என்றீர்கள். மறுநாள் காலை என் மேசையில் ஓர் உறை இருந்தது. உள்ளே பாஸ்போர்ட் அளவுப் படம். தலையில் பூ வைத்து, ஸ்டூடியோவில் புதிதாக எடுத்தது.

அவரிடம் கொண்டுபோனேன். தற்காலிகமாக இருந்தவர்களெல்லாம் சுவருக்கு வரமுடியாது என்றார். "பாய்க், துவான்" என்று மலாயில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு, படத்தை என் இழுப்பறையில் போட்டேன். உங்களிடம் சொல்லவும் இல்லை. படங்கள் மாட்டிய அன்று நீங்கள் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துக்கொண்டே நடந்து, வகுப்புக்குப் போனீர்கள்.

மலரில் அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: "ஆதாரம்: அலுவலகப் பட்டியல்." என் பட்டியல். இத்தனை பேரைக் கேவலமாகப் பேசுகிறேனே, அவர்களில் எவரையும்விட உங்களுக்குத் துரோகம் செய்த கோழை நான்தான்.

ஓய்வு பெற்ற அன்று அந்த உறையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றும் பர்ஸில், ஐசி அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று உங்கள் படத்தை எடுத்து, மஞ்சள்காரருக்கும் மீன்தொட்டிக்காரருக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன் டீச்சர். இடம் போதவில்லை. நான்தான் பட்டியலில் அவர்களை ஒருவரையொருவர் ஒட்டித் தட்டிவைத்திருக்கிறேன்.