பால்கோவாவும் வாபஸ் வாங்காத வழக்கும்

என் பிரியமான மதினிக்கு,

அங்கேயும் யாரையாவது அதட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் இன்னமும் உங்களுக்குப் பயந்து செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுகிறார்.

எனக்கு மாப்பிள்ளை தேடிய நாட்கள் ஞாபகமிருக்கிறதா? ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நின்றுகொண்டே போனோம். பின்னால் நின்ற சலவைச் சட்டை ஆள், பஸ் குலுங்காதபோதும் என்மேல் சாய்ந்தான். அப்புறம் கை இடுப்புக்கு வந்தது. எனக்குக் குரலே எழும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதோரம் கேட்டீர்கள்: "சத்தம் போடட்டா, செல்வி?"

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அவன் மணிக்கட்டு உங்கள் பிடியில்.

"கண்டக்டரே, வண்டிய ஸ்டேஷனுக்கு விடச் சொல்லும்!"

"கூட்டத்துல கை படத்தாம்மா செய்யும்," என்றார் ஒரு பெரியவர்.

"அப்பம் இவன ஒம்மகிட்ட நிக்கச் சொல்லட்டா?"

பெரியவர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டேஷனில் ஏட்டையா கேட்டார்: "எங்கம்மா தொட்டான்?"

"மம்சாபுரம் விலக்கு ஸ்டாப்பு தாண்டுனதும்," என்றீர்கள்.

"அதில்லம்மா... எப்படித் தொட்டான்?"

"ஒங்க மேல தொட்டுக் காட்டட்டா சார்?"

ஏட்டையா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு மளமளவென்று புகாரை எழுதினார்.

வீட்டில்தான் பெரிய விசாரணை. "கல்யாணம் ஆகாத பிள்ள கோர்ட்டுப் படி ஏறணுமா?" என்று அண்ணன் குதித்தார். மறுநாளே அவனுடைய அக்காவும் மாமாவும் பால்கோவாவோடு சமாதானம் பேச வந்தார்கள். நீங்கள் சாவகாசமாக ஒரு வாய் தின்றீர்கள்.

"பால்கோவா நல்லாருக்கு. ஆனா கேஸு செல்வியோடது. அவகிட்ட கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அதுவரை என்னிடம் யார் எதைக் கேட்டார்கள், மதினி? "வாபஸ் வாங்க மாட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவனுக்கு அபராதம் விழுந்தது. எனக்கு ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. அடுத்துப் பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்காமல் உங்களையே பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன், குறையொன்றும் இல்லை.

இப்போது ஈவ் டீசிங்குக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. ஸ்டேஷனில் கேள்விகள் மாறியிருக்குமா? தெரியவில்லை.

உங்கள் மகள் தேவி காலேஜில் சேர்ந்துவிட்டாள். தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறாள். என்றைக்காவது அவள் முகம் வாடி வந்து நின்றால், "நீ ஏன் அங்க போய் நின்ன?" என்று கேட்க ஒருத்தரையும் விடமாட்டேன். உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனாரும்
தேவியின் அத்தையுமான
செல்வி