ரெண்டு பக்கமும் இருந்தால் நல்லதாம்

என் செல்லத் தங்கச்சி தேவிக்கு,

சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன். எனக்கும் முதுகில் கட்டி வந்தது, உனக்கு வந்த அதே தோள்பட்டை எலும்புக்குக் கீழே. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, இருவரும் தப்பித்துவிட்டோம் என்று தம்போய் ஊரில் நம் வீட்டில் பாயசம் வைத்தோமே! வாயாடி நான், பயத்தில் பத்து நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் கிடந்தபோது உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு தமிழ் டாக்டர் பெண் ஒருத்தி படத்தைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, வலது பக்கம் மட்டும் இல்ல, இடது பக்கமும் சின்னதா ஒண்ணு இருக்கு."

"அலமாக், கடவுளே! ரெண்டா?"

"பயப்படாதீங்க லா. ரெண்டு பக்கமும் இருக்கறது நல்ல அறிகுறிதான். இந்த இடத்துல கேன்சர்னா பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். நாரும் கொழுப்பும் வரி வரியா தெரியுது பாருங்க. அபூர்வமான கட்டி, ஆனா கேன்சர் மாதிரி தெரியல. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்."

ஒன்றைவிட இரண்டு நல்லதாம். எனக்கு மண்டை காய்கிறது. உனக்கு ஒன்றுதான் இருந்தது, தேவி.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பெட்டி தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றாய். சுளுக்குத்தான் என்றேன் நான். சுளுக்கு என்றால் நம் வரிசை வீடுகளில் எல்லோரும் என்னிடம்தானே வருவார்கள், அந்தத் திமிர். மூன்று மாதம் தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். "நல்லா இருக்குக்கா, இன்னும் அழுத்துங்க" என்றாய். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, தசையில் வளர்ந்த வேறொரு புற்றுநோய், காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

நான் தேய்த்ததால்தான் அப்படி ஆனதா என்று அந்த டாக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"தேய்ச்சதால கேன்சர் வராது, ஆன்ட்டி. ஆனா தேய்ச்சுக்கிட்டே இருந்தா ஸ்கேன் தள்ளிப்போயிடும்."

இது ஆறுதலா, தண்டனையா? இன்னும் புரியவில்லை. கண்ணை மூடுவதற்கு முன் நீயாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று பக்கத்து வீட்டு லெட்சுமி வந்தாள். அவளும் நம்மைப் போலச் சிகிச்சை முடித்தவள். "தொடையில உருண்டையா இருக்குக்கா, கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்றாள். என் கை தானாக எண்ணெய்ப் புட்டிக்குப் போனது. மூடியைத் திறந்தவள் திரும்ப மூடிவிட்டேன். அவளுக்குக் கோபம். இருக்கட்டும், நாளைக் காலை நானே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன்.

படம் எடுத்துப் பார்க்காமல் இனி எந்தக் கட்டியிலும் என் கை படாது, தேவி. இது உன்மேல் சத்தியம்.

உன் முதுகைத் தேய்த்த அதே கையால்,
உன் அக்கா