பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது

ஜூன் 9, 2008. திங்கள்

ஐதராபாத்தில் காலையிலேயே மழை. தார்நாகா சிக்னலில் முழங்கால் வரை தண்ணீர். பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. ஆபீஸ் போய்ச் சேர பத்தே முக்கால். ஜீன்ஸ் ஈரம், ஏசி வேறு.

வேலை: அதே சண்டை வீடியோ கேம். எவனோ வெள்ளைக்காரப் பையன்கள் விளையாடுவதற்கு இங்கே உட்கார்ந்து நாங்கள் ரத்தம் பூசுகிறோம். என் பங்கு தோல். ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று நிலை: லேசாக அடிபட்டது, நன்றாக அடிபட்டது, இனி அடிக்க இடமில்லாதது. இன்று மொட்டைத்தலையன், மூன்றாம் நிலை. கன்னத்தைக் கிழித்தேன். புருவத்தைப் பிளந்தேன். இரண்டு பல் எடுத்தேன். நடுவில் சாம்பார் சாதம். சாப்பிட்ட பிறகு மூக்கு. க்ளையன்ட் மெயில்: ரத்தம் இன்னும் ஈரமாகத் தெரிய வேண்டுமாம். டீம் லீட் ரவி அதைக் கல்யாணச் சமையல் பட்டியல் மாதிரி வாசித்துக் காட்டினான்.

ப்ளாக்கில் போட வேண்டியவை (ஒரு மாசமாக ஒன்றும் போடவில்லை):
– புது மானிட்டர். சிவப்பு தூக்கல். சரிசெய்யணும்.
– பால்கனி தக்காளி. மூன்று காய். ஒன்று அணிலுக்கு.
– வாட்டர் கலர்: மௌலாலி பாறைகள். பாதியில் கிடக்கிறது.
– காயம் வரைவது எப்படி. எல்லோரும் கேட்பது இதைத்தான்.

கடைசி ஐட்டத்துக்கு நேற்று அருமையான மாதிரி கிடைத்தது. ஜெசி அக்கா சர்ச் முடிந்து வந்திருந்தாள். அத்தானுக்குப் பாடகர் குழு ஒத்திகை, அது முடியும்வரை இங்கே. பாத்திரம் கழுவ சுடிதார் கையை ஏற்றிவிட்டாள். இடது மேல்கையில் கன்றிப்போன தடம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். நடுவில் ஊதா, சுற்றிலும் சாம்பல், ஓரத்தில் பச்சை எட்டிப் பார்க்கிறது. நாலைந்து நாள் காயம். என்ன கலர்! ஜன்னல் பக்கம் நிறுத்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். சுத்தமான தோலுக்கு வலது கையையும்.

"எதுக்குட்டி இதெல்லாம்" என்று கேட்டாள். ஆனால் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஜூன் 10. செவ்வாய்

தூறல். ப்ளாக் போட்டாயிற்று. ஆறு படம். அக்காவின் வலது கையைக் கண்ணாடி மாதிரி திருப்பி இடது கையாக்கினேன். அதன்மேல், நிஜ இடது கையைப் பார்த்துப் பார்த்து, காயத்தை வரைந்தேன். முதல் படத்தில் சுத்தமான கை, ஆறாவதில் அடி வாங்கின கை. எது வரைந்தது, எது தோல் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

கமெண்ட் குவிகிறது. ஆபீஸில் ஒருத்தன், யாரைப் போட்டு அடித்துப் படம் எடுத்தாய் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நிஜக் காயத்தின் படங்களை ஆபீஸ் மெஷினில் ஏற்றிவிட்டேன். கேமில் வரும் தடியன் கைக்கு உதவும். மயிரை எடுத்து, வெளிச்சத்தைச் சமன் செய்து, அதே ஃபைலிலேயே சேவ். தக்காளியைப் படம் எடுக்க கேமரா கார்டைக் காலி செய்தேன்.

ஜூன் 12. வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் அக்கா காயத்தை எடுத்துத் தடியன் கையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஓரம் சரியாகப் பொருந்தவில்லை என்று நானூறு பர்சென்ட் பெரிதாக்கினேன். ஒரு தடம் இல்லை. நாலு. பக்கத்தில் பக்கத்தில், ஒரே இடைவெளியில். கையின் பின்பக்கம் எடுத்த படத்தைத் திறந்தேன். அங்கே ஒன்று, குட்டையாக, அகலமாக. கட்டைவிரல்.

படத்தை நிஜ அளவுக்குக் குறைத்து, என் கையைத் திரையில் வைத்துப் பார்த்தேன். என் கையைவிடப் பெரிய கை.

பாத்ரூம் தரைக்கு விரல் கிடையாது. மூன்று வருஷமாக அடி வரைகிறவள். விழுந்தால் எப்படி, குத்தினால் எப்படி, பிடித்து முறுக்கினால் எப்படி என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். சொந்த அக்கா கையைப் பார்த்துவிட்டு கேமராவைத் தேடினேன். த்தூ.

அரைநாள் லீவு. திருமுல்கேரி, அக்கா வீடு. அத்தான் ஆபீஸ் போயிருந்தார். டீ போட்டாள், எனக்கும் அவளுக்கும். நேராகக் கேட்டேன். முதலில் வழுக்கியதுதான் என்றாள். நாலு விரலும் எங்கெங்கே பட்டது என்று தொட்டுக் காட்டினேன். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வொளுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதுட்டி. இப்பக் கொஞ்ச நாளாத்தான். வேலை பளு."

"எவ்ளோ நாளா?"

"சொன்னேம்லா, கொஞ்ச நாளா. அம்மாட்ட சொல்லிராத."

ஆட்டோவில் வரும்போது அந்த ஆளை மூன்றாம் நிலைவரை கொண்டுபோனேன், மனசுக்குள். முதலில் விரல்கள்.

ஜூன் 15. ஞாயிறு

வெயில். மத்தியானம் அக்கா ஒரு பையோடு வந்து நிற்கிறாள். இடது காது வீங்கி, காதணி இருந்த இடம் கிழிந்து. தோள்பட்டையில் துப்பட்டாவோடு சேர்ந்து காய்ந்த ரத்தம்.

காரணம் நான். வியாழக்கிழமை இரண்டு டம்ளரையும் கழுவாமல் போட்டிருந்திருக்கிறாள். யார் வந்தது என்று அன்றைக்குக் கேட்டானாம், சும்மா. நேற்று மறுபடி கேட்டானாம். தலையைப் பிடித்துச் சமையலறை அலமாரியில் மூன்று தடவை. (இனி அத்தான் கிடையாது. அவன் பெயரின் முதலெழுத்து போதும்: ஜெ.)

மஞ்சள் வைத்தேன். கேமரா மேஜைமேல்தான் இருந்தது. தொடவில்லை. போன வாரம் தொட்ட அசிங்கம் போதும் என்று இருந்தது.

அம்மாவுக்குப் போன். பாளையங்கோட்டையில் கரண்ட் இல்லையாம், அதை முதலில் சொன்னாள். பிறகு அழுதாள். பிறகு, போலீஸுக்கு மட்டும் போகாதீர்கள், போதகரிடம் சொல்லலாம், சபையில் தெரிந்தால் கேவலம் என்றாள். கீழ்வீட்டு எஸ்தர் ஆன்ட்டியும் அதே கட்சி. ரயில்வே பென்ஷன்காரர் வீடு, ஐம்பது வருஷ ஐதராபாத்தில் 'வேண்டாம்' வாயில் 'நக்கோ' ஆகிவிட்டது. "நக்கோம்மா, போலீஸ் நக்கோ. நம்ம பொண்ணு பேருதான் கெடும்." அக்கா எல்லோருக்கும் தலையாட்டினாள். நான் ஒரு தட்டை எறிந்தேன். எவர்சில்வர். உடையவில்லை.

ஜூன் 22. ஞாயிறு

போதகர் வீட்டில் கூட்டம். ஜெ. வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். அழுதான், நிஜமாகவே கண்ணீர். பாடுகிற தொண்டை, அழுகையும் சுருதியோடு வருகிறது. போதகர் ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென். அக்காவும். அவனோடு போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

வாசலில் செருப்புப் போடும்போது ஜெ., அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சிரித்த முகமாக: "வீட்டுக்கு வா, பாத்துக்கிடுதேன்."

எனக்கும் கேட்டது. அக்கா ஒரு செருப்போடு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, போகலாம் என்றாள். தார்நாகாவுக்கு, என் வீட்டுக்கு.

ஜூன் 23. திங்கள்

மகளிர் போலீஸ் ஸ்டேஷன். இரண்டு மணிநேரம் பெஞ்சு. அக்காவின் கையில் இப்போது ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் நிழல். காதை அவள் முடியால் மறைத்திருந்தாள். வீக்கம் வற்றிவிட்டது, கிழிசல் காதணி இழுபட்டது போலத்தான் இருந்தது. ஆகவே என் படங்கள். கலர் பிரிண்ட் எடுத்து, கவர் போட்டு.

ஜெ.யை வரச்சொன்னார்கள். லேப்டாப்போடு வந்தான். இன்ஸ்பெக்டர் அம்மா எதிரில் வைத்துத் திறந்தான். என் ப்ளாக். முதல் படம், சுத்தமான கை. இரண்டு, மூன்று, நான்கு. ஆறு. பக்கத்தில் என் பிரிண்ட்டை வைத்தான். அதே கை, அதே தடம்.

"இவங்க வேலையே இதுதான் மேடம்," என்றான் தெலுங்கில், அவ்வளவு மரியாதையாக.

நான் விளக்கினேன். அது வலது கை, திருப்பினேன், இது நிஜம், அது வரைந்தது. பேசப் பேச எனக்கே பொய் சொல்வதுபோல் இருந்தது. ஒரிஜினல் படம் இருக்கிறதா என்றார். எல்லாவற்றிலும் கை வைத்து, அதிலேயே சேவ் செய்துவிட்டேன். கார்டில் தக்காளி.

அக்காவிடம், நீ சொல்லும்மா, அடித்தாரா என்றார். ஜெ. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தரையைப் பார்த்தாள். சமாதானமாகப் போங்கள், அடுத்த வாரம் கவுன்சலிங் என்று அனுப்பிவிட்டார்.

ஜூன் 24. செவ்வாய்

மேகமூட்டம். ப்ளாக்கை அழிக்கப் போனேன். அழித்தால் மறைத்தேன் என்பார்கள். விட்டுவிட்டேன்.

க்ளையன்ட் மெயில். தடியன் கை ரிஜெக்ட். காயம் நம்பும்படி இல்லையாம், இன்னும் பலமாக வேண்டுமாம். ரவி வாசித்து முடிக்குமுன் பாத்ரூம் போய்க் கதவைக் குத்தினேன். முட்டியில் தோல் போனது. கலர் என்ன என்று பார்க்கவில்லை.

அக்கா தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். காலிங் பெல் அடித்தால் சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

ஜூன் 28. சனி

வரிசையாக எழுதுகிறேன்.

காலை பதினொன்று. பாறைகள் படத்தை முடிக்கலாம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, பேனா டேப்லெட்டை, அந்த வரைகிற பலகையை, மடியில் வைத்திருந்தேன். பெரியது, முழங்கை நீளம், இரண்டு கிலோ. பெல். எஸ்தர் ஆன்ட்டி என்று நினைத்துத் திறந்தேன். அவன். என்னைத் தள்ளிவிட்டு நேராகச் சமையலறைக்கு.

அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் பயங்கரம். வலது மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு வாசலை நோக்கி இழுக்கிறான், அவளும் சத்தமில்லாமல் வருகிறாள், பழகினவள் மாதிரி. போகிற போக்கில் நெற்றியைக் கதவு நிலையில் மோதினான். தற்செயலாக இல்லை.

டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பு முன்னால் இருக்கும்படி, மூக்கில் அடித்தேன். ஒருமுறை. சத்தம் கேட்டது. அவன் பிடியை விட்டான். மறுபடி அடித்தேன், தோளில். மூன்றாவது, விழுந்த பிறகு. அது தேவையில்லை. எழுதி வைக்கிறேன், தேவையில்லை. ஆனால் நிறுத்த மனசில்லாமல் அடித்தேன். அக்காதான் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். "போதும்ட்டி, செத்துருவான்" என்றாள். அதுவரை மரியாதையாக அவ்வோ என்றே சொல்லிவந்தவள்.

ரத்தம் நான் பூசுகிற சிவப்பு இல்லை. தரையில் இன்னும் கறுப்பாக, இன்னும் கெட்டியாக இருந்தது. மானிட்டர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எஸ்தர் ஆன்ட்டி படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனதும், கேட்டைப் பூட்டிவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார். "கைக்கு நிக்கிறே? ஏம்மா நிக்கிறே, ஆஸ்பத்திரிக்குப் போ. சாட்சிக்கு நான் வரேன்."

முதலில் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை படம் இல்லை, கையையே கொண்டுபோனோம். சின்ன வயசு டாக்டரம்மா. ஸ்கேல் வைத்து அளந்தார். நாலு விரல், ஒரு கட்டைவிரல், நெற்றியில் வீக்கம். எல்லாம் எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினார். முத்திரையில் மை அதிகம், ஓரத்தில் வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்டேஷன். எங்களுக்கு முன்னாலேயே அவன் புகார் வந்துவிட்டது. பாடகர் குழு நண்பன் ஒருவன் கொண்டுவந்திருந்தான், செல்போனில் படத்தோடு. மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து, மேல் உதடு கிழிந்து. இரண்டாம் நிலை, மூன்றை ஒட்டி.

இன்ஸ்பெக்டர் போனை என் பக்கம் திருப்பினார். "ஏந்தம்மா, இதி கூடா கிராபிக்ஸா?" இதுவும் கிராபிக்ஸா என்கிறார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் சொல்லிக்கொடுத்த வழிதானே. நிஜம் என்றேன். நான்தான் அடித்தேன், மூன்று அடி, கடைசி அடி விழுந்த பிறகு என்றேன். எழுதிக்கொண்டார். கேஸ் வரும், வேலை போனாலும் போகும் என்றார்.

அப்போது அக்கா எழுந்தாள். கையை ஏற்றிவிட்டு, மணிக்கட்டை மேஜையில், அந்தப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். தெலுங்கில், நிறுத்தி நிறுத்தி, இதுவும் நிஜம், என் புருஷன் செய்தது, இதையும் எழுதுங்கள் என்றாள்.

இன்ஸ்பெக்டர் புதுத் தாள் எடுத்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து என்றாள். ஆறு வருஷம். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.