வெர்னரிடம் கேட்க வைத்திருந்த கேள்வி

அன்புள்ள அம்மா,

ஒரு கோபம் இருபது வருடம் எப்படி ஆறாமல் இருக்கிறது? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

என் முதல் ஆய்வைத் தன்னுடையதென்று வெளியிட்ட பேராசிரியர் வெர்னர், புதிய துகளொன்றைக் கண்டதாக நாளை இங்கே மாநாட்டில் அறிவிக்கப்போகிறார். அவருடைய கணக்கில் பிழை இருக்கிறது. தெரிந்தும் அவரிடம் சொல்லவில்லை; எல்லோர் முன்னும் சபையில்தான் கேட்பேன். “விடு புள்ள, ஆண்டவர் பாத்துக்குவார்” என்பீர்கள். ஆண்டவருக்கு இந்தக் கணக்கு விளங்குமோ தெரியாது.

நம் கல்லடிக் கடலின் காய்ந்த கூனி இறால் கொஞ்சம் அனுப்புங்கள். தனியே சாப்பிட ஒன்றும் ருசிக்கவில்லை. அவசரமாக முடிக்கிறேன்.

மகள்,
ஜெசிந்தா

மறுநாள், கடிதத்தை அனுப்புமுன்: வெர்னர் தன் மாணவியைப் பேசவிட்டு முன்வரிசையில் இருந்தார். கணக்கிலுள்ள பிழையைப் பற்றி நான் அவரிடமே கேட்டேன்.

“அவள் சொல்லுவாள்,” என்றார்.

“ஆய்வுக் கட்டுரையில் முதலில் இருக்கும் பெயர் உங்களுடையதுதானே,” என்றேன்.

சபை முழுவதும் அவரையே பார்த்தது. அவர் எழும்பவில்லை.