ஒற்றைச் சிறகும் உன் தேத்தூளும்

என் ஆசை அக்காவுக்கு,

நீ வாங்கி வைத்த வெள்ளை நூலும் கொக்கி ஊசியும் பிஸ்கட் டின்னுக்குள் அப்படியே இருந்தன. ஹட்டனிலிருந்து அவற்றைக் கொண்டுவந்த அன்று, "பொறந்த நாளைக்கு அம்மா ஒனக்கு ஒரு குருவி பின்னித் தாரேன்" என்று டிலுவிடம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு இருக்கிறது. உன் மகளுக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. கேக் வாங்கினேன், தொடவேயில்லை.

மச்சான் கட்டாரிலிருந்து தினமும் பேசுகிறார். அப்பாவோடு பேசுவாள். என்னிடம்தான் வர மாட்டேன் என்கிறாள். காய்ச்சலில் கிடந்த உன்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். தனியாகத் திரும்பி வந்தவனும் நான். "அம்மாவ நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். நான் எழும்பி வாசலுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் பக்கத்து வீட்டு மேரி அக்கா ஊட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்லேன்?

நீ சொன்ன அந்தக் குருவியைப் பின்னத்தான் ஊசியை எடுத்தேன். லொறியில் மூட்டை ஏற்றுகிற கை இது, உனக்குத் தெரியாதா! ஃபோன் வீடியோவில் ஒரு சிங்களத் தங்கச்சி பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். முதல் சுற்று ஆறு கண்ணி, அடுத்தது பன்னிரண்டு, அப்புறம் பதினெட்டு. எனக்கு ஆறு ஏழாகும், பன்னிரண்டு பத்தாகும். வாசலில் உட்கார்ந்து நான் படும் பாட்டைப் பார்த்து மேரி அக்கா, "என்ன தம்பி, முட்டைக்கோவாவுக்குச் சட்ட தைக்கிறீங்களா?" என்றார். இரண்டு தரம் பிரித்தேன். மூன்றாவது தரம் எப்படியோ ஒரு வயிறும் தலையும் வந்தன. கண்ணியை இறுக்கத் தெரியாததால் உடம்பெல்லாம் சல்லடைதான்.

அடைக்கப் பஞ்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. அடுப்படித் தட்டில் உன் கடைசி மாதத்துத் தேத்தூள் பொட்டலம் இருந்தது. தேயிலை ஃபெக்டரியில் நீ சலித்த தூள். அதில் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. கனமாக இருந்தால் குருவி சாயாமல் உட்காரும் என்று பெரிய புத்திசாலி மாதிரி அதைக் கொட்டி அடைத்தேன். தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

"அம்மா செஞ்சு வச்சிட்டுப் போனாங்க" என்று சொல்லிக் கொடுப்பதாக இருந்தேன். ஆமாம் அக்கா, பொய்தான். அவள் என்னிடம் வந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் பார்த்தால் கூரைத் தகரம் ஒழுகி, வெள்ளைக் குருவியின் வயிறு முழுக்கச் சாயம். ஓட்டை வழியே தூள் கொட்டி மேசையெல்லாம் கறுப்பு. ஒரு சிறகுதான் வைத்திருந்தேன். சீ என்று எறியப் போனவன் கையிலிருந்து டிலு அதைப் பிடுங்கினாள். முகத்தோடு அழுத்தி மோந்தாள். நீ வேலை விட்டு வந்ததும் உன் முந்தானைக்குள் மூக்கை நுழைப்பாளே, அதே மாதிரி.

"அம்மா வாசம்," என்றாள். பிறகு, "அம்மாவா செஞ்சாங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லடா, மாமாதான் செஞ்சேன். தேத்தூள் மட்டும் அம்மாவோடது."

"அம்மா வர மாட்டாங்களா?"

"வர மாட்டாங்க, டிலு. கூட்டிட்டு வந்துறணும்னுதான் போனேன். மாமாவால முடியல."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன், அவள் முன்னாலேயே.  அவள் குருவியைத் திருப்பிக் காட்டி, "இந்தப் பக்கம் றெக்க இல்ல மாமா," என்றாள்.

மற்றச் சிறகைப் பின்னித் தைக்கக் கேட்டால் கொடுக்கவில்லை. குருவியை இறுகப் பிடித்தபடியே வந்து என் மடியில் உட்கார்ந்தாள். எத்தனை நாளைக்கப்புறம்! அவள் பிடித்திருக்கத் தைத்ததில் சிறகு கோணலாகப் போய்விட்டது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

தூள் இன்னும் கொட்டுகிறது, அக்கா. ஓட்டைகளை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசம் எத்தனை மாதம் தாங்கும்? அது போன பிறகு அவள் எதை மோந்து பார்ப்பாள்? எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவளை முதல் தடவையாகப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறேன். ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். இனி இவளை நான் எங்கே கூட்டிப்போனாலும், வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவேன்.

உன் தம்பி,
டிலுவின் மாமா