முகத்துக்குக் காற்று

ஜனவரி 9, 1975. வியாழன்
நல்லேப்பிள்ளி. பத்திரிகை ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன். காலையிலிருந்து வாடைக்காற்று, பனையெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து. அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி; கோவையில் இனி ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறையில் ஜன்னல்கள் சாத்தி, இடுக்கில் பழந்துணி. பார்க்க வந்த கூட்டம், சாம்பிராணிப் புகை. மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூச்சிரைப்பு வாசல் வரை கேட்கிறது.
"சன்னல... தொற," என்றார் என்னிடம். அண்ணியின் தமையன் பழனிச்சாமி விடவில்லை. சீக்காளிமேல் வாடை படக்கூடாதாம்.

10, வெள்ளி
பக்கத்துச் சித்தூர் டாக்டரைக் கூட்டி வந்தேன். சொன்னவை: படுக்க வைக்கக் கூடாது. உட்கார்த்தி, முன்னால் மேசை, தலையணை, அதில் சாய்ந்துகொள்ளட்டும். கூட்டம் வேண்டாம். முகத்தில் காற்று படவேண்டும். வலி அடக்கும் மார்ஃபியா ஊசி, சிறிய அளவு; போட்டார். நோய் போகாது, திணறல் அடங்கும். தூங்கினால் பயப்படாதீர்கள்.
பழனிச்சாமி இதை முழுக்க நின்று கேட்கவில்லை. "வாடைல உக்கார வெக்கோணும்னு உங்க பேப்பர்ல போட்டிருக்குதாக்கு, மாப்ள?" தோட்டத்துக்குப் போய்விட்டார்.
ஜன்னலைத் திறந்தேன். அண்ணன் முகத்தை நீட்டிக்கொடுத்தார்.

11, சனி
தூங்கினாராம். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்கிறார் அண்ணி. சவரம் செய்துவிட்டேன். காபி, அரை டம்ளர். பேச்சு வந்தது.
"இந்தக் காத்துல... நெல்லுத் தூத்துனவன்டா நானு. எனக்கு... ஆவாதாமா."
சிரித்தார். என் பேனாவில் மை இல்லை, வாங்கவேண்டும்.

12, ஞாயிறு
அடுத்த ஊசிக்கு டாக்டரைக் கூட்டிவரப் போனேன். திரும்பினால் வாசல் நிறையச் செருப்பு.
அண்ணி சொன்னபடி: மேசையில் சாய்ந்து இருந்தார். இரைப்பு இல்லை. பழனிச்சாமி வந்து பார்த்தார். "அடங்கிருச்சு. பால ஊத்துங்க." இரைப்பு நின்றால் உயிர் போகிறது, அவ்வளவுதான் அவருக்கு. மல்லாக்கப் படுக்கவைத்து, உறவெல்லாம் வரிசையாக, ஆளுக்கொரு கரண்டி. முதல் கரண்டி அண்ணி. பிறகு யாருடையதிலோ புரையேறியது. கையை உதறினாராம். உயிர் போகும்போது அப்படித்தான் என்றார்களாம்.
டாக்டர் பையைத் திறக்காமலே திரும்பினார். அண்ணன் காதோரம் பால் காய்ந்திருந்தது.

14, செவ்வாய்
பொங்கல் இல்லை. காற்று விடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் பழனிச்சாமி: "எல்லாரு கையிலயும் பால் வாங்கிக்கிட்டுத்தானுங்க போனாரு." குடுத்து வைத்தவர் என்கிறார்கள். ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.
மத்தியானம் ஆளில்லாத நேரம் அண்ணி வந்து நின்றார்.
"தம்பி, அவரு தூங்கிட்டுத்தான் இருந்தாருங்களா?"
"தெரியலைங்க அண்ணி."
ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.